கோ-கார்ட் ட்ராக் இருக்கு, சென்டர் பேக் இல்ல

2025 ஜனவரி 12, இங்கிலாந்தோட நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கப்ல மூணாவது ரவுண்ட். டாம்வொர்த்னு ஒரு சின்ன ஊர் டீம், இங்கிலாந்து ஃபுட்பால்ல அஞ்சாவது அடுக்குல ஆடறவங்க, கிரவுண்ட்ல நிஜப் புல் கூட கிடையாது, அங்க போய் லண்டனோட பெரிய கிளப் டோட்டன்ஹாம் 90 நிமிஷம் ஆடியும் ஒரு கோல் போட முடியல. எக்ஸ்ட்ரா டைம் போச்சு, ரெஸ்ட் குடுக்கலாம்னு பெஞ்ச்ல உக்கார வச்சிருந்த சன்னையும் குலுசெவ்ஸ்கியையும் எழுப்பி இறக்கி விட்டு கடைசில 3-0னு ஜெயிச்சாங்க. ஸ்கோரை மட்டும் பாத்தா சுலபமா தெரியும். ஆனா 3 நாள் கழிச்சு ஆர்சனல் கூட மேட்ச், களைச்சுப் போன அதே கால்களோட போய் 2-1 தோத்தாங்க. அந்த ஜனவரில பிரீமியர் லீக்ல, அதாவது இங்கிலாந்தோட முதல் டிவிஷன்ல, ஆடின 4 மேட்ச்சும் தோல்வி, நியூகாசில், ஆர்சனல், எவர்ட்டன், லெஸ்டர்னு வரிசையா. சீசன் முடியறப்போ 38 மேட்ச்ல 22 தோல்வி, 38 பாயிண்ட், 20 டீம்ல 17வது இடம், ஒரு படி கீழ விழுந்தா ரெண்டாம் டிவிஷன்.

இதுக்கு கிளப் பக்கத்துல இருந்து வர்ற பதில் ஒண்ணுதான், இஞ்சுரி. ரசிகர்கள் பக்கத்துல இருந்து வர்ற பதிலும் ஒண்ணுதான், 2025 செப்டம்பர் வரைக்கும் சேர்மனா இருந்த டேனியல் லெவி ஒரு கஞ்சன். ரெண்டுமே பாதி உண்மைன்னுதான் நான் நினைக்கிறேன், ரெண்டையும் அப்படியே நம்பினா அந்த டீம்ல ஏன் எப்பவும் ஆள் பத்தலங்கறது புரியாது. அடிபடறது எல்லா டீமுக்கும் நடக்கறதுதான், காசும் இவங்க செலவு பண்ணாம இல்ல. அந்தக் காசை எப்போ, எந்த மாதிரி ஆள் மேல, யாரைக் கேட்டு செலவு பண்றாங்கங்கறதுலதான் விஷயம் இருக்கு.

முதல்ல இஞ்சுரி கதையைப் பாக்கலாம். 2023-24ல ஏஞ்ச் போஸ்டகோக்லூ மேனேஜரா வந்த புதுசு, முதல் 10 மேட்ச்ல 26 பாயிண்ட், லீக்ல முதலிடம், ரசிகனுக்கு கால் தரையில நிக்கல. நவம்பர் 6 ராத்திரி, நம்ம டைமுக்கு ஒன்றரை மணிக்கு செல்சி மேட்ச் ஆரம்பிச்சது. டிஃபெண்டர்ங்கள்ல ரொமேரோவுக்கு ரெட் கார்டு, உடோகிக்கு ரெட் கார்டு, வான் டெ வென்னுக்கு தொடைத் தசை போச்சு, மிட்ஃபீல்டர் மாடிசனுக்கு கணுக்கால் போச்சு, 9 பேரை வச்சுக்கிட்டு டிஃபென்ஸ் லைனை நடுக்கோட்டுக்குப் பக்கத்துலயே நிறுத்தி ஆடினாங்க, 4-1 தோல்வி. அதை வீரம்னு பேசினவங்களும் இருக்காங்க முட்டாள்தனம்னு பேசினவங்களும் இருக்காங்க, அது இங்க முக்கியம் இல்ல. முக்கியம் என்னன்னா அதுக்கு அடுத்து சில வாரம் சென்டர் பேக்கா, அதாவது கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கற டிஃபெண்டரா, ஆடினது யாருன்னு பாருங்க, பென் டேவிஸும் எமர்சன் ராயலும். ரெண்டு பேருமே ஃபுல்பேக், ஓரத்துல ஆடற ஆளுங்க. ஏன்னா அந்த செப்டம்பர்ல சென்டர் பேக் டேவின்சன் சான்செஸை கலாட்டசராய்க்கு வித்துட்டு, அவர் இடத்துக்கு உடனே ஆடக்கூடிய ஒருத்தரை எடுக்கல. அடுத்து டிரகுஷின் வந்தது ஜனவரி 2024ல, அதே மாசம் இன்னொரு சென்டர் பேக் எரிக் டயர் ஜெர்மனியோட பயர்னுக்குப் போயிட்டாரு. ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய, கணக்கு பழைய இடத்துலயே நின்னுச்சு.

சரி, ஒரு தடவை மாட்டிக்கிட்டாங்க, அடுத்த கோடைல சரி பண்ணுவாங்கன்னு எல்லாரும் இருந்தோம். போன வருஷக் கேள்வித்தாளே இந்த வருஷமும் வரப் போகுதுன்னு தெரிஞ்சும் படிக்காம போற பையன் மாதிரி, 2024 கோடைல வாங்கினது யாரை? பெரிய விலைல டொமினிக் சோலங்கி, அது சரி, கோல் அடிக்கற ஹாரி கேன் போனதுல இருந்து காலியா கெடந்த இடம். மத்தவங்க ஆர்ச்சி கிரே 18 வயசு, லூகாஸ் பெர்க்வால் 18, வில்சன் ஓடோபேர் 19, யாங் மின்-ஹியோக் 18. வெளிய போனவங்க ஹொய்பியர்க், எமர்சன், லோ செல்சோ, ஸ்கிப், ரோடன், எல்லாம் சீனியர் மேட்ச் ஆடிப் பழகின ஆளுங்க. சென்டர் பேக் ஒருத்தர் கூட புதுசா வரல. அந்த சீசன்ல ஐரோப்பாவோட ரெண்டாவது பெரிய கிளப் கோப்பையான யூரோப்பா லீக் வேற, புது ஃபார்மட்ல லீக் கட்டத்துக்கே 8 மேட்ச். கடைசில அந்த டீம் மொத்தம் 60 மேட்ச் ஆடுச்சு. மேனேஜரோட ஸ்டைல் என்னன்னா டிஃபென்ஸ் மேல ஏறி நிக்கணும், பின்னாடி கெடக்கற 50 மீட்டர் காலி இடத்தை சென்டர் பேக் ஒவ்வொரு தடவையும் முழு வேகத்துல ஓடி காப்பாத்தணும். அந்த ஆட்டத்துக்கு ஏத்த ஆள் கைவசம் ரெண்டே ரெண்டு பேர்தான், ரொமேரோவும் வான் டெ வென்னும். தொடைத் தசைன்னு ஒண்ணு இருக்கறதை மறந்துட்டுத்தான் இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கணும்.

நவம்பர் 23ல மேன்செஸ்டர் சிட்டியை அவங்க ஊர்லயே 4-0ன்னு அடிச்சாங்க, அந்த மேட்ச்ல கோல்கீப்பர் விகாரியோ கணுக்கால் எலும்பு முறிஞ்சும் மேட்ச் முடியற வரைக்கும் நின்னாரு, அதோட சில மாசத்துக்கு அவர் இல்ல. டிசம்பர் 8 செல்சி மேட்ச்ல, காயத்துல இருந்து திரும்பி வந்த ரொமேரோவும் வான் டெ வென்னும் ஒரே மேட்ச்ல மறுபடி வெளிய. டேவிஸும் அடிபட்டு இல்ல. மிஞ்சினது டிரகுஷின், பக்கத்துல மிட்ஃபீல்டரா வாங்கின 18 வயசு ஆர்ச்சி கிரே. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது, வாரத்துக்கு ரெண்டு மேட்ச், பழக்கமே இல்லாத பொசிஷன், எதிர்ல சாலா மாதிரி ஆளுங்க, லிவர்பூல் கிட்ட 6-3 வாங்கின நாள்ல கூட பாவம் அவன் ஓடிக்கிட்டே இருந்தான்.

அந்த செல்சி மேட்ச்சுக்கு அப்புறம் ரொமேரோ ஸ்பானிஷ் மொழிப் பேட்டி ஒண்ணுல வாய விட்டுட்டாரு. சிட்டி எப்பவும் போட்டி போடறாங்க, லிவர்பூல் டீமை பலப்படுத்தறாங்க, செல்சியும் விடாம ஆள் எடுத்துக்கிட்டே இருக்காங்க, அதைப் பாத்துதான் கத்துக்கணும், பிளேயர் மாறறான் கோச் மாறறான் பொறுப்புல இருக்கறவங்க மட்டும் மாறறதே இல்லங்கற அர்த்தத்துல பேசினாரு. அப்புறம் மன்னிப்பு கேட்டதாவும் செய்தி வந்துச்சு. ரசிகனுக்கு அதுல மன்னிக்கறதுக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் விளங்கல.

இப்போ காசு விஷயம். 2023-24 கணக்குல டோட்டன்ஹாம் வருமானம் சுமார் 528 மில்லியன் பவுண்ட், சம்பளச் செலவு சுமார் 222 மில்லியன், அதாவது 100 ரூபா வந்தா 42 ரூபா சம்பளம். பிரீமியர் லீக்லயே ரொம்பக் குறைஞ்ச விகிதம் இது. பக்கத்து வீட்டு ஆர்சனல் சம்பளத்துக்கு மட்டும் 300 மில்லியனுக்கு மேல குடுக்கறாங்க. டிரான்ஸ்ஃபர் ஃபீ, அதாவது ஒரு ஆளை வாங்க அவரோட பழைய கிளப்புக்குக் குடுக்கற விலை, பாத்தீங்கன்னா டோட்டன்ஹாம் கை அவ்வளவு இறுக்கமா இல்ல, சமீப வருஷங்கள்ல நல்லாவே செலவு பண்ணிருக்காங்க, வாங்கின ஆளுங்களுக்கு மத்த கிளப்புக்குக் கட்ட வேண்டிய தவணை பாக்கியே நிறைய. ஃபீ குடுக்கறாங்க, சம்பளம் குடுக்க மாட்டேங்கறாங்க, இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சா மத்ததெல்லாம் தானா விளங்கும். 27, 28 வயசுல, பல சீசன் ஆடித் தேறின ஒரு டிஃபெண்டர் வாரச் சம்பளம் பெருசா கேப்பாரு, 4 வருஷம் கழிச்சு அவரை வித்தா ஒண்ணும் தேறாது. 18 வயசுப் பையன் ஃபீ 30 மில்லியனா இருந்தாலும் அந்தத் தொகையை 5 வருஷம் வரைக்கும் பிரிச்சுக் கணக்கு எழுதிக்கலாம், சம்பளம் கம்மி, நல்லா வந்தா ரெண்டு மடங்கு விலைக்கும் விக்கலாம். தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் நல்ல வாங்கல்தான், பெர்க்வாலையும் கிரேயையும் யாரும் தப்பான தேர்வுன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாத்தையும் அதே மாதிரி வாங்கினா என்ன ஆகும்? லிஸ்ட்ல 25 பேர் இருப்பான், டிசம்பர்ல எவர்ட்டன் கார்னர் போடறப்போ தலையால முட்டி வெளிய தள்ள ஆள் இருக்க மாட்டான்.

லெவி தன் பக்க நியாயத்தை 2025 வசந்தத்துல கணக்கு வெளியிட்டப்போ சொன்னாரு, இல்லாத காசை செலவு பண்ண முடியாதுன்னு. அந்த வருஷம் சுமார் 26 மில்லியன் நஷ்டம், முந்தின வருஷம் 87 மில்லியன் பக்கத்துல, அப்போதைய லீக் ரூல்படி 3 வருஷத்துல 105 மில்லியனுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாது. ஸ்டேடியக் கடன், அதோட தேய்மானம், வட்டி எல்லாம் இருக்கு. அது பொய்யில்ல. ஆனா ஜனவரி ஒண்ணாம் தேதியே டிரான்ஸ்ஃபர் ஜன்னல், அதாவது ஆள் வாங்க விக்க அனுமதி இருக்கற காலம், திறந்து கெடக்கறப்போ ஒரு டிஃபெண்டரை வாடகைக்கு எடுக்கறதுக்கு நஷ்டக் கணக்கு எங்க குறுக்க வந்துச்சு? ஜனவரி 5ல கோல்கீப்பர் கின்ஸ்கி வந்தாரு, சரி. அதுக்கப்புறம் ஒரு மாசம் பக்கம் ஒண்ணும் இல்ல. ஜனவரி 30ல எல்ஃப்ஸ்போரி மேட்ச்ல டிரகுஷினுக்கு முட்டி லிகமெண்ட் போச்சு, பிப்ரவரி 2ல கெவின் டான்சோ, 3ல மதிஸ் டெல். வீடு பத்தி எரிஞ்சு முடிஞ்சப்புறம் கிணறு வெட்ட ஆள் வந்தாங்க.

இந்தக் கடைசி நாள் பழக்கம் லெவி கிட்ட ரொம்ப பழசு. கோயம்பேட்டுல காலைல போனா நல்ல காய் கெடைக்கும் விலை ஜாஸ்தி, மத்தியானம் வரைக்கும் காத்திருந்தா பாதி விலைக்கு வாங்கலாம், வாடினது உன் தலையெழுத்து. அவர் மத்தியானத்து ஆள். 2010 ஆகஸ்ட் 31ல ரஃபேல் வான் டெர் வார்ட்டை ரியல் மாட்ரிட் கிட்ட இருந்து 8 மில்லியன் பவுண்டுக்கு எடுத்தாரு, அது ஜாக்பாட், சந்தேகமே இல்ல. 2012ல அதே மாதிரி போர்ட்டோவோட மௌடின்யோவுக்கு கடைசி நாள் வரைக்கும் இழுத்தாங்க, பேப்பர் வேலை முடியறதுக்குள்ள ஜன்னல் மூடிருச்சு. 2013ல ஸ்டார் ஆட்டக்காரர் காரெத் பேலை அப்போதைய உலக ரெக்கார்ட் விலைக்கு வித்து வந்த காசுல 7 பேரை வாங்கினாங்க, பவுலின்யோ, சோல்டாடோ, சிரிக்கேஷ், காபுவே, ஷாட்லி, லமேலா, எரிக்சன், அதுல முழுசா தேறினது எரிக்சன் ஒருத்தர்தான். சூடு கண்ட பூனைன்னு சொல்வாங்கல்ல, அதுக்கப்புறம் அந்த கிளப் மொத்தமா ஆள் எடுக்கவே பயந்துச்சோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஏன்னா அடுத்து வந்தது 2018. அந்த உலகக் கோப்பை செமிஃபைனல்ல ஆடின 4 நாட்டு டீம்கள்ல டோட்டன்ஹாம் ஆளுங்க மட்டும் 9 பேர், கேன், அலி, டயர், டிரிப்பியர், ரோஸ், வெர்டோங்கன், ஆல்டர்வெய்ரெல்ட், டெம்பெலே, லோரிஸ். வேற எந்த கிளப்பும் அத்தனை பேரை அனுப்பல. அத்தனை பேரும் ஜூலை நடுவுல வரைக்கும் ஆடிட்டு ஆகஸ்ட்ல லீக் ஆரம்பிக்கணும்னா யாரா இருந்தாலும் நாலு பேரை புதுசா எடுத்திருப்பாங்க. இவங்க எடுத்தது பூஜ்யம். கோடை ஜன்னல்னு 2003ல ஒண்ணு வந்ததுல இருந்து ஒருத்தரைக் கூட வாங்காத முதல் பிரீமியர் லீக் டீம் அதுதான். ஆஸ்டன் வில்லா கிளப்போட கிரீலிஷுக்கு பேரம் பேசிக்கிட்டே இருந்தாங்க, அந்த கிளப்புக்கு புது முதலாளி வந்து கதவைச் சாத்திட்டாரு. ஜனவரி 2019லயும் யாரும் வரல, அதுக்கு மேல டெம்பெலேவை சீனாவுக்கு வித்தாங்க. லூகாஸ் மோரா வந்த 2018 ஜனவரி 31ல இருந்து 2019 ஜூலை 2ல எண்டோம்பெலே வர்ற வரைக்கும் 517 நாள், ஒரே ஒரு புது முகம் கூட இல்ல.

இதுல பெரிய கூத்து என்னன்னா அந்த டீம்தான் ஐரோப்பாவோட பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்குப் போச்சு. செமிஃபைனல்ல ஆம்ஸ்டர்டாம்ல மோரா 96வது நிமிஷத்துல போட்ட மூணாவது கோலை நேர்ல பாத்த மாதிரி இன்னும் சொல்வேன், நடு ராத்திரி வாயைப் பொத்திக்கிட்டு கத்தின ராத்திரி அது. ஆனா அந்த ராத்திரிதான் கெடுத்துச்சுன்னும் தோணும். ஆள் எடுக்காமலே ஃபைனல் வரைக்கும் வர முடியுதேன்னு மேல இருக்கறவங்களுக்கு நினைப்பு வந்திருக்கும். லீக்ல அந்த சீசன் 13 தோல்வி, அதை யாரும் பெருசா பேசல. அப்போதைய மேனேஜர் பொச்செட்டினோ இந்த டீமைப் பிரிச்சு மறுபடி கட்டணும், அது வலிக்கும்னு வாய் வலிக்க சொன்னாரு. வலிக்கல, ஏன்னா கட்டவே இல்ல, ஃபைனல் ஆடி ஆறு மாசம் கூட ஆகல, 2019 நவம்பர் 19ல அவரையே அனுப்பிட்டாங்க.

அடுத்து மேனேஜர் விஷயம், இதுவும் ஆள் பத்தாததுக்கு ஒரு காரணம்தான், ரெண்டையும் தனியா பேசறது தப்பு. மொரின்யோ, நுனோ, கான்டே, போஸ்டகோக்லூ, ஒருத்தர் ஆட்டத்துக்கும் இன்னொருத்தர் ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மொரின்யோவை லீக் கப் ஃபைனலுக்கு 6 நாள் முன்னாடி தூக்கினாங்க, 29 வயசு ரயன் மேசன்தான் சிட்டிக்கு எதிரா அந்த ஃபைனல்ல டீமை நடத்தினாரு. மூணு டிஃபெண்டர் வச்சு ஆடறவருக்கு ஓரம் முழுக்க ஏறி இறங்கற விங்-பேக் வேணும், நாலு பேரை வச்சு ஆடறவருக்கு அவன் தேவையில்ல, அப்போ ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஆறேழு பேர் யாருக்கும் வேணாத ஆளுங்களா சம்பளப் பட்டியல்ல தொங்குவாங்க. ஃபுல்பேக் ஜெட் ஸ்பென்ஸ் கதையைக் கேளுங்க. 2022ல வாங்கினாங்க, வந்த கொஞ்ச நாள்லயே கான்டே பத்திரிகைக்காரங்க கிட்ட அது கிளப் விரும்பி செஞ்ச முதலீடுன்னு சொல்லி, எனக்கு சம்பந்தம் இல்லங்கற மாதிரி கைய கழுவினாரு. அந்தப் பையன் ரென், லீட்ஸ், ஜெனோவான்னு ஊர் ஊரா வாடகைக்கு சுத்தினான், 2024ல யூரோப்பா லீக் லிஸ்ட்லயே பேர் இல்ல. எல்லாருக்கும் அடிபட்டு வேற வழியில்லாம டிசம்பர்ல இறக்கினாங்க, பாத்தா டீம்லயே நல்லா ஆடறது அவன்தான், 2025 செப்டம்பர்ல இங்கிலாந்துக்கே ஆடிட்டான். கையில இருந்த ஆளையே யாருன்னு தெரியாம வச்சிருந்த நிர்வாகம், வெளிய போய் யாரைக் கண்டுபிடிக்கும்?

ரசிகர்களோட கோபம் தோத்ததுக்கான கோபம் மட்டும் இல்லங்கறது இங்கதான் புரியணும். 62,850 பேர் உக்கார்ற ஸ்டேடியம், 1 பில்லியன் பவுண்ட் பக்கம் செலவு, 2019 ஏப்ரல்ல திறந்தாங்க, புல் தரை நகர்ந்து உள்ள போகும் அடியில அமெரிக்கன் ஃபுட்பால் தரை இருக்கும், பியான்சே வந்து பாடுவாங்க, சவுத் ஸ்டாண்டுக்கு அடியில சின்ன ரேஸ் கார் ஓட்டற கோ-கார்ட் ட்ராக் வேற. உலகத்துலயே அழகான ஸ்டேடியம்னு சொன்னா நானும் சண்டைக்கு வர மாட்டேன், அதைக் கட்டினதுக்கு லெவிக்கு மரியாதை குடுத்தே ஆகணும், அந்த விஷயத்துல அவர் கெட்டிக்காரர். ஆனா டிக்கெட் விலை உச்சத்துல இருக்கு, 2024ல வயசானவங்களுக்கு குடுக்கற சீசன் டிக்கெட் சலுகைலயும் கை வைக்கப் போறோம்னாங்க. எழுபது வயசுல, அப்பா கையப் பிடிச்சு வந்த அதே ஏரியா கிரவுண்டுக்கு இன்னும் வந்துக்கிட்டிருக்கற மனுஷன் கிட்ட காசு பத்தலன்னு சொல்லிட்டு உள்ள ஆர்ச்சி கிரேயை சென்டர் பேக்கா நிறுத்தினா அவருக்கு எப்படி இருக்கும். 2025 பிப்ரவரில ரசிகர்கள் ஊர்வலமா வந்தாங்க, 24 வருஷம், 16 மேனேஜர், 1 கோப்பைன்னு பேனர் பிடிச்சாங்க. அந்த ஒரு கோப்பை 2008 லீக் கப். இடைக்கால ஆளுங்களையும் சேத்துதான் 16 வருது, ஆனா யாரும் அதை மறுத்து வாதாடல.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2025 மே 21, பில்பாவோ, யூரோப்பா லீக் ஃபைனல், மேன்செஸ்டர் யுனைடெட் கூட 1-0, பிரெனன் ஜான்சன் கோல். மாடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூணு பேரும் அடிபட்டு வெளிய, ஆனா பின்னாடி ரொமேரோவும் வான் டெ வென்னும் ஒண்ணா நின்னாங்க, கோல் லைனுக்கு மேல போய்க்கிட்டிருந்த பந்தை வான் டெ வென் காத்துல படுத்து காலால எடுத்தாரே, அந்த ஒரு க்ளியரன்ஸ் போதும், அவங்க ரெண்டு பேரும் சீசன் முழுக்க இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு காட்ட. 17 வருஷம் கழிச்சு கோப்பை. 16 நாள் கழிச்சு போஸ்டகோக்லூவுக்கு வேலை போச்சு. 17வது இடத்தைப் பாத்தா நியாயம், கோப்பையைப் பாத்தா அநியாயம், எனக்கு இன்னும் முடிவு தெரியல.

செப்டம்பர் 4ல லெவியும் போனாரு, 24 வருஷத்துக்கு மேல உக்காந்த நாற்காலி. பேனர் பிடிச்சவங்களே ஒரு நிமிஷம் திகைச்சுப் போயிருப்பாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி அவரோட கடைசி கோடைல மாடிசனுக்கு சியோல்ல முட்டி போச்சு, குலுசெவ்ஸ்கி ஏற்கனவே இல்ல, கிரியேட்டிவ் ஆள் ஒருத்தர் அவசரம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோட கிப்ஸ்-வைட் அதுக்கு முன்னாடி ஜூலைலயே கையெழுத்துப் போடற நிலைமைல இருந்து நழுவிட்டாரு. அப்புறம் கிரிஸ்டல் பேலஸோட எசே, சின்ன வயசுல ஆர்சனல் ரசிகன், ஆனாலும் டோட்டன்ஹாமுக்கு வர ஒத்துக்கிட்டிருந்தாரு, கிளப்புக்கும் கிளப்புக்கும் பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு, நடுவுல ஆர்சனல்ல ஹாவெர்ட்ஸுக்கு அடிபட்டுச்சு, அவங்க ரெண்டே நாள்ல வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஜன்னல் மூடற நேரத்துல சாவி சிமன்ஸும், வாடகைக்கு கோலோ முவானியும் வந்தாங்க. நவம்பர் 23ல ஆர்சனல் கிரவுண்ட்ல 4-1 தோல்வி, எசே ஹாட்ரிக்.